பம்பாயின் நேரோட்ட வண்டிகள்

நம் நாட்டில் ஓடும் டீசல் வண்டிகள் ஓரளவாவது புகை கக்குவதனால், அவற்றைப் புகையிரதம் என்றழைப்பதிற் பிழையில்லை. பம்பாய் மாநகரில் நாள்தோறும் ஏறத்தாழ 70 இலட்சம் மக்களை ஏற்றிச் செல்லும் புறநகர் வண்டிகளுக்கோ அப்பெயர் சிறிதும் பொருந்தாது. அவை மின்னால் ஓடுபவை. அவற்றுள்ளும் 91 ஆண்டுகள் உழைத்து 2016ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற நேரோட்ட மின்வண்டிகளின் வரலாறு, பௌதிகம் பயிலும் மாணவர்க்கு மட்டுமன்றி வீட்டிலுள்ள யாவர்க்கும் சுவை தருவதாகும்.

1925ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் நாள், கவர்னர் சர் லெஸ்லி வில்சன் தொடக்கிவைக்க, நான்கு பெட்டிகள் பூண்ட வண்டியொன்று விக்ரோறியா முனையத்திலிருந்து துறைமுகப் பாதை வழியே குர்லாவுக்குச் சென்றது. இந்தியாவின் முதல் மின்சார வண்டி அதுவே. 1928இல் மேற்குப் பாதையிலும் மின்வண்டி வந்தது. தலைக்குமேற் சென்ற கம்பியில் 1500 உவோற்று நேரோட்டம் பாய்ந்தது. பாரமான வண்டியை நின்ற நிலையிலிருந்து இழுத்தெடுப்பதற்கு நேரோட்ட மோட்டரே அன்று சிறந்தது. ஆதலின் அத்தேர்வைக் குறைகூற இடமில்லை.

ஆயினும் அதில் ஓர் இடர்ப்பாடு மறைந்திருந்தது. மாணவர்கள் ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். ஒரு வண்டிக்கு 1500 கிலோவாற்று வலு வேண்டுமெனக் கொள்வோம். 1500 உவோற்றில் அதற்கு 1000 அம்பியர் மின்னோட்டம் தேவை. 25,000 உவோற்றாயின் 60 அம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாவது ஓட்டத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுமாதலால், ஒரே கம்பியில் முதலாவது முறையின் இழப்பு இரண்டாவதைப்போல் ஏறத்தாழ 278 மடங்காகும்! இதனாலேயே தடித்த கம்பிகளும், சில கிலோமீற்றருக்கொன்றாக மின் துணைநிலையங்களும் அங்கு வேண்டியிருந்தன. 1957இல் இந்திய இரயில்வே 25,000 உவோற்று ஆடலோட்டத்தைத் தன் வழியாக வரித்துக்கொண்டது. ஆனால் ஒருநாளேனும் நிறுத்தமுடியாத பம்பாய்ப் பாதைகள் பழைய மின்னிலேயே தங்கிவிட்டன.

நகரமோ வளர்ந்தது. நான்கு பெட்டி வண்டி ஒன்பது பெட்டியாகிப் பன்னிரண்டு பெட்டியுமாயிற்று. சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலையிற் செய்த பெட்டிகள் பல அங்கு சென்றன; தமிழ்நாட்டுத் தொழிலாளரின் கைவண்ணத்தைப் பம்பாய் மக்கள் அறிந்தோ அறியாமலோ அனுபவித்தனர். ஏறத்தாழ 1800 பேருக்கென அமைந்த ஒன்பது பெட்டி வண்டியில் காலையும் மாலையும் 5000 பேர் வரை ஏறினர். ஒரு சதுர மீற்றரில் 14 முதல் 16 பேர் நின்றனர் என்பது கணிப்பு. வாசகர்கள் தம் வீட்டு முற்றத்தில் ஒரு மீற்றர்ச் சதுரம் கீறி, அதனுள் எத்தனை பேர் நிற்கலாமென்று பார்த்தால் இதன் கொடுமை விளங்கும். உள்ளே இடமின்றி, மூடாத வாசல்களிலே தொங்கியவர்களும் பலர். வண்டிகளைக் கூட்டலாமென்றாலோ, பழைய மின்னமைப்பு இனித் தாங்காது என்ற எல்லை வந்துவிட்டது.

மின்னை ஓரிரவில் மாற்ற இயலுமா? இருவகை மின்னிலும் ஓடவல்ல வண்டிகளை முதலிற் சேர்த்தனர். ஒரு மின் முடிந்து மற்றது தொடங்குமுன் மின்னற்ற சிறு இடைவெளி இருக்கும். வண்டி அதனை ஓடிய வேகத்திலேயே கடந்து செல்லும். மேலும், 25,000 உவோற்று மின் காற்றிலே பாயாதிருக்கக் கம்பிக்கும் பாலத்துக்குமிடையே கூடிய இடைவெளி வேண்டும். இதற்குத் தடையாயிருந்த ஹான்கொக் பாலம் 2016 ஜனவரியில் இடிக்கப்பட்டது. மாற்றுப்பாலம் எழப் பல ஆண்டுகள் சென்றன. அதுவரை அயலிலுள்ளோர் தண்டவாளத்தைக் கடந்து திரிந்தனர். பாலத்தை இடிப்பதிற் காட்டிய விரைவைக் கட்டுவதிலும் காட்டியிருக்கலாம்.

மேற்குப் பாதை 2012இலும் மத்தியப் பெரும்பாதை 2015இலும் மாறிமுடிந்தன. எஞ்சியது துறைமுகப் பாதை. 2016 ஏப்பிரல் 9ஆம் நாள் இரவு, கடைசி நேரோட்ட வண்டி குர்லாவிலிருந்து புறப்பட்டுப் பழைய விக்ரோறியா முனையத்தை அடைந்தது. முதல் வண்டி சென்ற அதே வழி. திசை மட்டும் எதிர். பழைய வண்டிகளுட் சில உட்கருவிகள் மாற்றப்பெற்று மேலும் உழைத்தன. மற்றவை இரும்பு விலைக்குப் போயின. பழைய வண்டி நிற்கும்போது அதன் இயக்கச் சத்தி தடைக்கட்டைகளில் வெப்பமாய் அழிந்தது. புதிய வண்டிகளோ அதில் ஒரு பங்கை மின்னாக்கிக் கம்பிக்கே திருப்பியளிக்கின்றன.

மின் மாறியதேயன்றி வாசலில் தொங்கும் வழக்கம் மாறவில்லை. 2025 யூன் 9ஆம் நாள் மும்பிரா அருகே வளைவொன்றில் இரு வண்டிகள் ஒன்றையொன்று கடக்கையில், வாசல்களில் நின்றோர் விழுந்து சிலர் உயிரிழந்தனர். கதவு மூடும் குளிர்சாதன வண்டி 2017 டிசெம்பர் 25இலேயே வந்துவிட்டதெனினும், அதன் கட்டணம் ஏழைக்கு எட்டுவதன்று. விபத்தின் பின்னர், இனிச் செய்யும் சாதாரண வண்டிகளுக்கும் தாமே மூடும் கதவுகள் அமைக்கப்படுமென அறிவித்தனர். நெரிசலில் கதவை மூடினால் மூச்சுக்குக் காற்று வேண்டுமே! அதற்காகக் கதவுகளிற் காற்றுப்புகும் இடுக்குகளும், கூரையிற் காற்றூட்டும் பொறிகளும், பெட்டிக்குப் பெட்டி நடந்து செல்லும் வழியும் திட்டத்திற் சேர்க்கப்பட்டன.