பாக் நீரிணை: இரு கரைப் படகுகளின் கணக்கு

மீனவர் கைது என்ற செய்தி வரும்போதெல்லாம் பேச்சு கச்சத்தீவுக்குப் போய்விடுகிறது. பாக் நீரிணையின் இரு கரைகளிலும் எத்தனை படகுகள், எவ்வகைப் படகுகள் என்ற கணக்கை யாரும் எடுப்பதில்லை. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஐம்பதுகளில் இரு பக்கமும் வள்ளமும் பாய்மரமும்தான். நார்வே உதவியுடன் 1953-ல் கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய திட்டத்தையடுத்து விசைப்படகும் இழுவைமடியும் பரவி, அறுபதுகளில் தமிழகக் கரைக்கும் வந்தன. இறாலின் ஏற்றுமதி விலையும் அரசு மானியமும் அவற்றைப் பெருக்கின. அப்போது இலங்கையின் வடக்கு பின்தங்கியிருக்கவில்லை. அந்நாட்டு மீன் உற்பத்தியில் யாழ்ப்பாணமும் மன்னாரும் முன்வரிசையில் இருந்தன.

1983-க்குப் பிறகு நிலைமை மாறியது. போரால் வடக்கு மீனவருக்குக் கடலே தடைசெய்யப்பட்டது. ஊர்கள் இடம்பெயர்ந்தன, படகுகள் அழிந்தன. அதே ஆண்டுகளில் நம் கரையில் விசைப்படகுகள் பெருகி, ஆளில்லாத அந்தக் கடலில் மீன்பிடித்துப் பழகின. 2009-ல் போர் முடிந்து அவர்கள் கடலுக்குத் திரும்பியபோது அவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் சிறிய கண்ணாடி இழைப் படகும் செவுள்வலையும். குருநகர், பேசாலை போன்ற சில இடங்களில் மட்டுமே இழுவைப் படகு உண்டு. நம் பக்கமோ ஈராயிரத்துக்கு மேற்பட்ட இழுவைப் படகுகள் பாக் நீரிணையை நம்பியிருக்கின்றன.

விவசாயிக்கு இது எளிதில் புரியும். ஊரில் கிணறுகளை மட்டும் எண்ணி, மோட்டாரின் குதிரைத்திறனைக் கேட்காவிட்டால் நிலத்தடி நீர் எங்கே போகிறது என்று தெரியாது. நூறு குதிரைத்திறனைத் தாண்டிய எஞ்சினையும் வெளியே மாட்டும் சிறு எஞ்சினையும் ஆளுக்கொரு படகு என்று எண்ணுவதும் அப்படித்தான். நாடு முழுவதற்குமான எண்ணிக்கையும் ஏமாற்றும். இலங்கையின் பல நாள் தங்கும் பெரிய படகுகள் தெற்கிலும் மேற்கிலும் இருப்பவை. அவை நம் கடலில் பிடிபடுவதும் உண்டு. ஆனால் பாக் நீரிணைக் கணக்கில் அவை சேராது.

நம் கரையிலிருந்து மூன்று கடல் மைல் நாட்டுப்படகுக்கு உரியது. அதற்கப்பால் எல்லைக் கோடு வரை உள்ள குறுகிய பட்டை இத்தனை இழுவைப் படகுகளைத் தாங்காது. எல்லை தாண்டுவது பேராசையால் மட்டும் அல்ல. கடனும் டீசல் செலவும் தள்ளுகின்றன. ஆனால் விலை கொடுப்பது எதிர்க்கரையின் சிறு மீனவர். நம் படகுகள் வரும் நாட்களில் அவர்கள் வலை விடாமல் கரையில் இருந்துவிடுகிறார்கள். விட்டால் வலை மிஞ்சாது.

2017-ல் இலங்கை இழுவைமடியைச் சட்டப்படி தடைசெய்தது. அதே ஆண்டு இங்கே 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் சூரைப் படகுகள் தரும் திட்டம் வந்தது. படகு 80 லட்சம் ரூபாய். எழுபது சதவீதம் மானியம். மூன்றாண்டு இலக்கில் மிகச் சிறு பகுதியே நிறைவேறியது. காலையில் போய் மறுநாள் திரும்பிப் பழகியவரை வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருக்கச் சொல்லும் திட்டம் அது. மீதிப் பணமும் அவருக்குக் கடன்தான்.

ஆழ்கடலுக்கு வர விரும்பாதவரின் இழுவைப் படகையும் அரசு நியாய விலைக்கு வாங்கி உடைக்க வேண்டும். பாக் நீரிணையில் புதிய இழுவைப் படகுக்குப் பதிவு கூடாது; எஞ்சின் மாற்றுவதையும் தணிக்கை செய்ய வேண்டும். உடைக்கும் படகுக்கான தொகையில் ஒரு பங்கு அதில் தொழிலுக்குப் போனவர்களுக்கும் சேர வேண்டும். இலங்கைச் சிறைகளில் நாள் எண்ணுபவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான், படகு உரிமையாளர்கள் அல்ல.