தூக்க மாத்திரையும் ஓர் அமானிதமே



உறக்கத்தை இறைவன் அளித்த ஓய்வென்று திருக்குர்ஆனின் அந்நபா அத்தியாயம் நமக்கு உணர்த்துகிறது. அந்த ஓய்வு வாய்க்காதவர் மருத்துவரை நாடுவது ஈமானின் குறைவு அன்று. நோய்க்கு மருந்து தேடுவது நபிவழியே. நாம் கவலைப்பட வேண்டியது வேறொன்று. பழைய அட்டையைக் காட்டி மருந்துக் கடையில் மாத்திரை வாங்குவதும், உம்மாவுக்கு எழுதித் தந்ததை மகள் விழுங்குவதும் நம் வீடுகளில் இயல்பாகிவிடக் கூடாது.

மூளையில் ‘காபா’ என்னும் வேதிப்பொருள் நரம்புகளின் பரபரப்பைத் தணிக்கிறது. அல்பிரசோலம், டயசெபாம், சோல்பிடெம் போன்றவை அதன் செயலைக் கூட்டுகின்றன. உறக்கம் வருகிறது, கூடவே நினைவும் நிதானமும் மந்தமாகின்றன. சில வாரங்களில் மூளை அதற்குப் பழகிவிடலாம். பிறகு திடீரென நிறுத்தினால் உறக்கமின்மை முன்னிலும் கடுமையாகத் திரும்பும்; வலிப்பும் வரக்கூடும். ஆகவே, பல மாதங்களாக உட்கொள்பவர் தாமாக நிறுத்தாமல், மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

2013இல் இந்திய அரசு இம்மருந்துகளை ‘எச்1’ பட்டியலில் சேர்த்தது. மருத்துவச் சீட்டின்றி இவற்றை விற்கலாகாது; விற்ற விவரத்தைக் கடைக்காரர் 3 ஆண்டுகள் பதிவேட்டில் காக்க வேண்டும். அதே ஆண்டில் அமெரிக்க மருந்துத் துறை, பெண்களுக்கான சோல்பிடெம் அளவைப் பாதியாகக் குறைக்கச் சொன்னது. மறுநாள் காலையிலும் வாகனம் ஓட்டும் திறனைக் கெடுக்குமளவு மருந்து இரத்தத்தில் எஞ்சியிருந்ததே காரணம்.

ரமளானில் இது இன்னும் முக்கியம். சோல்பிடெம் உட்கொண்டவருக்கு 7 முதல் 8 மணி நேர உறக்கம் தேவை. தராவீஹ் முடித்து 11 மணிக்கு விழுங்கியவர் 4 மணிக்கு சஹருக்கு எழுந்தால் மயக்கம் தெளிந்திராது. அந்நிலையில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுவதும், முதியவர் உளூச் செய்ய ஈரத்தரையில் நடப்பதும் பேராபத்து. நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் நேரத்தைக் கேட்டறிவோம். குறட்டையினிடையே மூச்சு தடைபடுமாயின் அதையும், உட்கொள்ளும் வலி மாத்திரை, இருமல் மருந்துகளையும் அவரிடம் மறைக்காமல் சொல்வோம்.

நம் கடலில் முத்துக்குளிக்க மூழ்கியவரின் கயிற்றை மேலே ஒருவர் பிடித்திருந்தார்.  தூக்க மாத்திரைக்கு மருத்துவரின் கண்காணிப்பே அந்தக் கயிறு. உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணி, நிம்மதியான உறக்கத்தையும் சுப்ஹுடைய தொழுகையையும் அவன் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.