தகுந்த மருத்துவரைத் தேடல்

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை விரிந்துள்ள தொழிற்பேட்டைகளைப் பற்றி நாம் பெருமிதத்தோடு பேசுகிறோம். அங்கே கைப்பேசிகளை உருவாக்கும் கரங்களில் பெரும்பாலானவை இளம்பெண்களுடையவை. 2024ஆம் ஆண்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க மகளிர் விடுதியே திறக்கப்பெற்றது. அம்மகளிரின் உடல்நலம் குறித்து நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

ஓயாத களைப்பு, ஏறும் எடை, முடி உதிர்தல், மாதவிலக்குக் கோளாறு ஆகியவற்றை இரவுப் பணியின் விளைவென்றே பலரும் தள்ளிவிடுகின்றனர். ஒவ்வொன்றிற்கும் ஒவ்வொரு மருத்துவரை நாடி ஊதியத்தையும் விடுப்பையும் இழப்போர் உளர். வேர் ஒன்றாகவே இருத்தல் கூடும். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியை உடலின் நோய்த்தடுப்பு ஆற்றலே பகையென எண்ணித் தாக்குவதால் விளையும் நோய் அது. 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹகரு ஹாஷிமோட்டோ இதனை முதன்முதலில் விளக்கியுரைத்தார். ஆடவரினும் பெண்டிரையே இது மிகுதியாகப் பற்றுகிறது. சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் நிகழ்த்தி 2013இல் வெளியிடப்பெற்ற ஆய்வில், ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டுக் குறைபாடு காணப்பட்டது.

தகுந்த மருத்துவர் என்றதும் நம்மவர் சென்னையின் பெரிய மருத்துவமனைகளையே நினைக்கின்றனர். முதற்படிக்கு அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பொறுமையோடு கேட்டு, கழுத்தைத் தொட்டுப் பார்த்து, டி.எஸ்.எச்., டி4 குருதிச் சோதனைகளையும், தேவையெனில் டி.பி.ஓ. எதிர்ப்பொருள் சோதனையையும் எழுதித் தரும் பொதுமருத்துவரே போதும். மாத்திரை தொடங்கியபின் 6 முதல் 8 வாரங்களில் மறுசோதனை செய்யச் சொல்வதும், வெறும் வயிற்றில் உண்ண வேண்டிய அம்மாத்திரையை இரவுப் பணியாளர் எப்போது உண்பது என்று விளக்குவதும் அவர் கடமை. சுரப்பியில் கட்டி தென்பட்டாலோ, கருவுற்றாலோ, அளவு சீராகாவிட்டாலோ நாளமில்லாச் சுரப்பி வல்லுநரிடம் அவர் அனுப்புதல் வேண்டும். தம் எல்லையை அறிந்து அனுப்புபவரே நல்ல மருத்துவர் என்பது நம் துணிபு. ஈ.எஸ்.ஐ. அட்டை உடையோர் அதன் மருந்தகத்தில் தொடங்கி மேல்மருத்துவத்திற்குப் பரிந்துரை பெறலாம். நோயை அடியோடு போக்குவதாக விளம்பரம் செய்வோரை நம்பி மாத்திரையை நிறுத்துதல் தீங்காய் முடியும்.

வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர். இந்நான்காம் இடம் நம்முடையது. மணம் பேசுங்கால் தடையாகுமென அஞ்சி மகளின் நோயை மறைக்கும் பெற்றோர் இன்றும் உளர். நாள்தோறும் ஒரு மாத்திரையால் கட்டுப்படும் நோய்க்கு இத்துணை அச்சம் எதற்கு? பெற்றோர் மறைத்தலைக் கைவிட வேண்டும். தொழில் நிறுவனங்கள் மறுசோதனைக்கு ஊதியத்தோடு அரைநாள் விடுப்பளிக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலேயே வாரம் ஒருநாளேனும் அரசுச் செலவில் வல்லுநர் ஒருவர் அமர்ந்து நோயாளரைக் காண வேண்டும். இக்கல்லூரியில் பயிலும் மாணவியரும் நாளை அவ்வாலைகளில் பணிபுரியக் கூடும். அவர்களுக்காக இன்றே குரல் கொடுப்போம்.