பூனைக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்!

கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதை நாம் அறிவோம். அமெரிக்காவில் பூனைகளை ஜோடி சேர்க்குமுன் இடுப்பையே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள்!

மேயின் மாநிலத்தில் தோன்றிய 'மேயின் கூன்' என்ற சடைப் பூனைக்குத்தான் இந்த மரியாதை. 1985-ல் அம்மாநிலத்தின் அதிகாரபூர்வமான பூனையாகவே அது அறிவிக்கப்பட்டது. உருவமோ பெரிது, ஆண் பூனை எட்டுக் கிலோ கூட நிறுக்கும்.

தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்புக் குழியில் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். குழி ஆழமில்லாவிட்டால் எலும்பு ஆட்டம் கண்டு, மூட்டுத் தேய்ந்து, வலி பிடித்துக்கொள்ளும். இது பரம்பரையாக வருவது. 2018-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், படம் எடுக்கப்பட்ட 2,732 மேயின் கூன்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு இந்தக் கோளாறு இருந்தது.

பூனை வலியை வெளிக்காட்டாது. அலமாரி உச்சிக்குத் தாவிய பூனை நாற்காலியோடு நின்றுவிட்டால், "சோம்பேறி!" என்று நாம் சிரிப்போம், பாவம், அதற்கு ஏற முடியவில்லை!

ஆகையால் மயக்க மருந்து கொடுத்து, மல்லாக்கக் கிடத்தி, பின்னங்கால்களை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். தாய் தகப்பனுக்கு இடுப்பு நன்றாயிருந்தும் குட்டிக்குக் கோளாறு வரலாம். அதனால் உடன்பிறப்புகளின் படங்களையும் பார்ப்பது நல்லது.

இந்த ஜாதிக் குட்டி வாங்க நினைக்கும் சகோதரிகளே! ரோமத்தின் அழகில் மயங்குமுன், பெற்றோரின் எக்ஸ்ரே முடிவைக் கேளுங்கள். வாங்கிய பின், செல்லம் என்று ஊட்டி ஊட்டிப் பருக்க வைக்காதீர்கள். அந்தச் சுமையைத் தாங்க வேண்டியது அதன் இடுப்புத்தான்!