தமிழிலும் தேட வேண்டும்

சிங்கப்பூர் இந்தியர்களைப் பற்றிய வரலாற்றுத் திட்டப்பணி என்றதும் பல மாணவர்கள் தேடுபொறியில் ஆங்கிலச் சொற்களைத்தான் தட்டச்சு செய்கிறார்கள். முதலில் வரும் இரண்டு பக்கங்களைப் படித்துக் குறிப்பெடுத்ததும் வேலை முடிந்துவிடுகிறது. தமிழ் படிக்கத் தெரிந்த மாணவருக்கு இது பெரிய இழப்பு.

தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' இணையத்தளத்தில் பழைய நாளிதழ்களின் மின்னிலக்கப் படிகள் உள்ளன. 1845இல் தொடங்கிய 'தி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' அங்கே இருக்கிறது, 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு'ம் இருக்கிறது. 1952இல் தொடங்கப்பட்ட தமிழர் திருநாளை ஆராயும் மாணவர் ஆங்கில நாளிதழை மட்டும் பார்த்தால், அவ்விழா வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதையே அறிவார். விழா எடுத்தவர்கள் தம் மக்களிடம் என்ன பேசினார்கள் என்பதைத் தமிழ் நாளிதழில்தான் தேட வேண்டும். அதற்காகத் தமிழ் முரசு எழுதியதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. விழாவுக்கு வித்திட்டவரே அதன் ஆசிரியர் அல்லவா? இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதே முறை.

தமிழில் தேடுவது சற்றுக் கடினம்தான். பழைய அச்சில் 'லை', 'னை' போன்ற எழுத்துகளுக்கு வேறு வடிவங்கள் இருந்தன. சொல்லைக் கொடுத்துத் தேடினால் சில வேளைகளில் எதுவும் கிடைக்காது. அப்போது விழா நடந்த மாதத்தின் இதழ்களைத் திறந்து, பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். அலுப்புத் தட்டும் வேலை இது. ஆனால், யாரும் தேடாத பழைய விளம்பரமும் வாசகர் கடிதமும் அப்படிப் புரட்டும்போதுதான் கண்ணில் படுகின்றன.

இலக்கியத் திட்டப்பணி செய்வோருக்கு, 1965 முதல் 2015 வரை வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் பலவற்றை அதே வாரியம் மின்னிலக்க வடிவில் வைத்திருக்கிறது. கதையைப் பற்றிப் பிறர் எழுதிய சுருக்கத்தைத் தேடும் நேரத்தில் கதையையே படித்துவிடலாம்.