லிமாவ் பாலியா, பம்பளிமாசா?



சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், ஐந்தாம் ஆண்டு மாணவர்களை விடுமுறை குறித்து ஒரு பத்தி எழுதப் பணித்தேன். "பக்கத்து வீட்டு ஆண்ட்டி எங்களுக்கு லிமாவ் பாலி கொடுத்தார்" என்று ஒருவன் எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்துப் 'பம்பளிமாசு' என்று திருத்தினேன். ஏட்டைப் பார்த்தவன், "ஐயா, இது என்ன பழம்?" என்றான். வகுப்பில் ஒருவரும் அச்சொல்லை அறிந்திருக்கவில்லை.

பழத்தையோ அனைவரும் அறிவர். பேராக் மாநிலத்தார் அறியாமலா இருப்பர்? ஈப்போவை அடுத்த தம்புனில், சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் விளைந்து, சாலையோரக் கடைகளில் கயிறு கட்டித் தொங்கும் பழமாயிற்றே! சீனர்கள் புத்தாண்டுக்கும் எட்டாம் திங்கள் நிலவு விழாவுக்கும் இதனை வாங்கிப் படைக்கின்றனர். 'ஈ சாங்' தட்டிலும் இதன் சுளை உதிர்த்துச் சேர்க்கப்படுவதுண்டு. நாம் குப்பையில் எறியும் தடித்த தோலைக்கூட அவர்களுள் சிலர் ஊறவைத்துப் பிழிந்து, கசப்பு நீக்கிச் சமைக்கின்றனர். மலாய்க்காரர்கள் சுளையில் மிளகாய், உலர்ந்த இறால் கலந்து கெராபு செய்கின்றனர்.

நம் வீட்டில்? அண்டை வீட்டார் கொடுத்தால் உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டு உண்கின்றோம். அவ்வளவே. பூசைத் தட்டிற்கு ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கும் நாம் இதனை வாங்குவதில்லை. கொடுத்தவர் சொன்ன பெயரோடு வந்த பழம், அப்பெயரோடே நின்றுவிட்டது. ஆதலின் அம்மாணவனைக் குறைகூற எனக்கு மனமில்லை.

'பம்பளிமாசு' தமிழ்ச்சொல்லே அன்று என்று வாதிடும் நண்பர்களும் எனக்குண்டு. டச்சு மொழியில் 'பொம்பெல்மூஸ்', பிரெஞ்சில் 'பம்ப்ளமூஸ்' என வழங்கும் சொற்களோடு இஃது ஒத்திருப்பது உண்மைதான். யார் யாரிடம் பெற்றனர் என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. எப்படியாயினும், நம் தாத்தா பாட்டி வாயில் புழங்கிய சொல்லை இழப்பதற்கு இவ்வாதம் ஒரு காரணமாகாது. ஆனால் சிவப்பு மையால் மட்டும் அதனை மீட்க இயலுமா? பயிற்சிக் கல்லூரியில் பிழைதிருத்தம் கற்ற நாள்முதல் நான் நம்பிவந்த முறை அது. இப்போது ஐயம் எழுகிறது.

மறுநாள் சந்தையில் ஒரு பழம் வாங்கிச் சென்றேன். மேலிருந்து கீழாகத் தோலைக் கீறி உரித்ததும் வகுப்பெங்கும் மணம். சுளைக்கு ஒருமுறையேனும் 'பம்பளிமாசு' என்று சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும் என்றேன். தோலைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொள்ளப் பெரும் போட்டி! பாடநூலின் இரண்டு பக்கங்கள் அன்று நடைபெறவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அம்மாணவனின் ஏட்டில் அடித்த கோட்டை அழிக்க இயலவில்லை. அருகே 'இரண்டும் சரி' என்று எழிதிக் கையொப்பமிட்டேன். தேர்வில் புள்ளி குறையுமே என்கிறார் உடன் பணியாற்றும் ஆசிரியை. அவர் அச்சமும் நியாயமானதே.

உங்கள் இல்லத்தில் இப்பழத்தை எப்பெயரால் அழைக்கின்றீர்கள்?