பாசம் போதும் என்கிற பொய்

கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த பெண்ணிடம் சொந்தபந்தமெல்லாம் ஒரே பல்லவியைத்தான் பாடும்: "உனக்குத்தான் நாய், பூனைன்னா உயிராச்சே, நல்லா வருவே." எம்.பி.பி.எஸ். சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையனிடம், "உனக்கு மனுஷங்கன்னா உயிராச்சே" என்று ஒருவரும் சொல்வதில்லை. அவனுடைய மதிப்பெண்ணைப் பேசுவார்கள், வரப்போகும் வருமானத்தைப் பேசுவார்கள். இவளுடைய மதிப்பெண்ணும் லேசுப்பட்டதில்லை. பிளஸ் டூ கட்-ஆஃப் இழுபறியில் ஜெயித்துத்தான் உள்ளே வந்திருக்கிறாள். ஆனாலும் பேச்சு பாசத்தில்தான் போய் நிற்கும்.

அந்த வாழ்த்துக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பிராணிகளின் மேல் பாசம் இருந்தால் படிப்பு தானாக ஏறும். பாசம் இருந்தால் சீழும் நாற்றமும் பெரிதாகத் தெரியாது. பாசம் இருப்பவர் ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வருவார், காசைப் பற்றி வாய் திறக்க மாட்டார். சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். இருந்தும் இது பொய். வெறும் பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இது படிக்கிற பிள்ளைகளையும், அவர்களுடைய மேஜைக்கு வந்துசேரும் பிராணிகளையும் சேர்த்தே கெடுக்கிறது.

முதலில் படிப்பைப் பார்ப்போம். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கல்லூரியானாலும் சரி, 1985இல் நாமக்கல்லில் வந்ததானாலும் சரி, பி.வி.எஸ்சி. என்றால் ஐந்தரை ஆண்டு: நாலரை ஆண்டு வகுப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. எம்.பி.பி.எஸ்ஸுக்கும் அதே ஐந்தரைதான். அங்கே ஒரே ஓர் உயிரினம். இங்கே மாடு, ஆடு, குதிரை, பன்றி, நாய், பூனை, கோழி என்று வரிசை நீளும். பசுவுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள், ஆட்டுக்கு 150, பன்றிக்கு 114, நாய்க்கு 63. குதிரைக்குப் பித்தப்பையே கிடையாது. நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாரசிட்டமால் பூனைக்கு விஷம். சைலஸின் என்ற மயக்க மருந்தில் குதிரைக்குப் போடும் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மாட்டுக்குப் போதும்; குதிரைக் கணக்கை மாட்டுக்குப் போட்டால் மாடு எழுந்திருப்பது சந்தேகம். இதில் எதைப் பாசம் சொல்லிக் கொடுக்கும்?

இரக்கம் மட்டும் வழிநடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகளே சாட்சி. மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. வானம் நிறையப் பறந்த இனங்கள் அற்றுப்போகும் நிலைக்கு வந்தன. 2006இல்தான் கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்தத் தடை வந்தது. அந்த ஊசியைப் போட்டவர்களும் போடச் சொன்னவர்களும் மாடு வலியில் துடிக்கக் கூடாது என்றுதான் நினைத்தார்கள். இரக்கத்தில் அவர்களிடம் எந்தக் குறையும் இல்லை. தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று அப்போது தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

பாசத்தையே தகுதியாக்கிவிட்டதால் வரும் விளைவு வேடிக்கையானது. உயிர்வேதியியலில் அரியர் விழுந்தால் மற்ற படிப்புக்காரர்கள், "அடுத்த தடவை எழுதிக்கலாம்" என்பார்கள். இங்கே அந்தப் பெண், "எனக்கு இது சரிப்படாது போலிருக்கு" என்று தன் மனசையே சந்தேகிக்கிறாள். படிப்பில் வந்த சறுக்கல் குணத்தில் உள்ள குறையாக அவளுக்குத் தெரிகிறது.

இனி மருத்துவமனைப் பக்கம் வருவோம். புறநோயாளிப் பிரிவில் நீளமுடி நாய் ஒன்று. கழுத்தில் பளபளவென்று புது பெல்ட். காதுக்குப் பின்னால் முடியை விலக்கினால் எலுமிச்சம்பழம் போகும் அளவுக்குக் குழி, குழிக்குள் புழு. நம் ஊர் வெயிலுக்கு ஈ முட்டை வைத்த ஒரு நாளுக்குள் புழு வெளிவந்துவிடும். ஆனால் இவ்வளவு ஆழம் போக ஒரு நாள் போதாது. இறுதியாண்டு மாணவி டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த பஞ்சைக் குழிக்குள் வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். மூச்சுமுட்டிப் புழுக்கள் மேலே வருகின்றன. ஃபோர்செப்ஸால் ஒவ்வொன்றாக எடுத்து டிரேயில் போடுகிறாள். ஆழத்தில் ஒன்று தங்கினாலும் நாளைக்கு மறுபடி இதே வேலை. மதியம் இரண்டு மணிக்கு அவளுக்கு இன்டர்னல் தேர்வு. அந்த நாற்றம் தலைமுடியில் ஏறி விடுதி மெஸ் வரை கூடவே வரும். மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் கண்கலங்கிச் சொல்கிறார்: "நேத்துதான் மேடம் பாத்தோம். இவன் எங்க வீட்டுப் பையன் மாதிரி."

அவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் அந்தக் கண்ணீர் நிஜம், பாசமும் நிஜம். தினமும் நாயைத் தடவிக்கொடுத்திருப்பார், பிஸ்கட் போட்டிருப்பார், போட்டோ எடுத்திருப்பார். முடியை விலக்கித் தோலைப் பார்த்திருக்க மாட்டார். கவனிப்பு வேறு, பாசம் வேறு. ஒன்று இருக்குமிடத்தில் மற்றதும் இருந்தே தீரும் என்று நம்புவதுதான் இந்த நோயின் வேர்.

பார்வோ வார்டில் இதே கதை நாய்க்குட்டி வடிவத்தில் கிடக்கும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய குட்டி; ரத்தமாகக் கழிந்துகொண்டு, ட்ரிப் ஏறிக்கொண்டு, தலையைத் தூக்க முடியாமல் படுத்திருக்கும். தடுப்பூசி போட்டாயிற்றா என்றால், "வீட்டை விட்டு வெளியவே விடல சார், அப்படிப் பொத்திப் பொத்தி வளத்தோம்" என்று பதில். பார்வோ வைரஸ் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும், மாதக்கணக்கில் தரையில் உயிரோடு இருக்கும். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும்வரை போட வேண்டிய ஊசியைப் பொத்தி வளர்த்த கை போடவில்லை. அந்தக் குட்டி செத்துப்போனால் வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி மாணவனைத்தான் போய்த் தைக்கும்: "நல்லா பாத்தீங்களா தம்பி?"

அலட்சியம் என்றால் எப்போதும் வளர்ப்பவரின் குற்றம்தான் என்றும் சொல்லிவிட முடியாது. கிராமத்தில் ஒரு பசு சாயங்காலம் கன்று ஈனத் தொடங்குகிறது. கன்று குறுக்கே நிற்கிறது. கால்நடை மருந்தகம் பூட்டியாயிற்று. ஊரில் ஊசி போடுகிறவர் வந்து கயிறு கட்டி இழுத்துப் பார்க்கிறார். மறுநாள் வண்டிக்குக் காசு புரட்டுகிறார்கள். அதற்கும் அடுத்த நாள் காலையில் டாடா ஏஸில் மாடு கல்லூரி மருத்துவமனைக்கு வருகிறது. உள்ளே கன்று செத்து ஊதிப்போயிருக்கிறது. உள்ளுறைப் பயிற்சி மாணவன் தோள்வரை கையை விட்டு, மணிக்கணக்கில், துண்டு துண்டாக அதை வெளியே எடுக்க உதவுகிறான். அந்தம்மா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "லட்சுமி, லட்சுமி" என்று அழுதுகொண்டிருக்கிறார். அவரிடம் என்ன பாசம் குறைந்துவிட்டது? குறைந்தது ராத்திரியில் ஒரு டாக்டரும் வண்டி வாடகையும்தான்.

2019 அக்டோபரில் வேப்பேரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கும் மேல் நடந்த அறுவை சிகிச்சை. செய்தி வந்ததும் எல்லோரும் "ஐயோ பாவம்" என்றார்கள், மருத்துவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்த 52 கிலோவைக் கேரி பேக்கில் சோறும் பழத்தோலும் கட்டித் தெருவில் வீசிய கைகள் யாருடையவை? பசுவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அதே கைகள்தான்.

பாசம் போதும் என்ற நம்பிக்கை இங்கேதான் தன் வேலையைக் காட்டுகிறது. ஊர் செய்யத் தவறிய காரியங்களையெல்லாம் கடைசியில் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் மனசில் கொண்டுபோய் இறக்கிவைக்கிறது. தடுப்பூசி போடாதவர், குப்பையைக் கட்டி வீசியவர், இரவுப் பணிக்கு ஆள் போடாத நிர்வாகம் என எல்லோரும் தப்பித்துக்கொள்ள, "உனக்குப் பாசம் இருக்கே, நீ பாத்துக்கோ" என்று மாணவி மட்டும் மாட்டிக்கொள்கிறாள். அவள் தளர்ந்துபோனால், "இதுக்கே இப்படியா?" என்பார்கள். காசு கேட்டால், "பாசமே இல்லாத டாக்டர்" என்பார்கள்.

அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் பெர்னார்ட் ரோலின் 1980களிலேயே இதைப் பிரித்துக் காட்டினார். பிராணிகளைக் காப்பாற்றுவதற்காக இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள், தவிர்த்திருக்கக்கூடிய சாவுகளைத் தங்கள் கையாலேயே நடத்திவைக்க நேரும்போது வரும் உளைச்சல் வேறு வகை என்றார். அது வேலைக்களைப்பு மாதிரி இரண்டு நாள் லீவில் தீராது. நேசம் அதிகமாக இருக்கிறவரைத்தான் அது ஆழமாகத் தாக்கும். ஆக, எதைக் கவசம் என்று நாம் கொடுத்தனுப்புகிறோமோ அதன் வழியாகத்தான் அடி உள்ளே போகிறது. அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரை இறந்த கால்நடை மருத்துவர்களின் பதிவுகளை ஆராய்ந்ததில், தற்கொலையால் இறந்தவர்களின் விகிதம் பொதுமக்களைவிடப் பெண் மருத்துவர்களிடம் 3.5 மடங்கும் ஆண்களிடம் 2.1 மடங்கும் இருந்தது. அந்த நாட்டுக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் பிராணிகளை நேசித்தவர்கள் என்பதாலேயே அவர்கள் தாங்கிவிடவில்லை என்பது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

"அப்படியானால் கல்மனசுக்காரர்களைத்தான் சேர்க்க வேண்டுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாசமில்லாதவர் இந்தப் படிப்பின் வாசலுக்கே வரமாட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு ட்ரிப் பாட்டிலை மாற்ற எழுந்திருக்கவும் மாட்டார். ஆனால் வாசலுக்குக் கொண்டுவந்து விட்டதோடு பாசத்தின் வேலை பெரும்பாலும் முடிந்தது. அதற்குப் பிறகு வேண்டியவை அறிவு, கைப்பழக்கம், தூக்கம், சம்பளம், சொல்ல வேண்டியதைச் சொல்லும் பயிற்சி. "அழுகையெல்லாம் போகப் போகப் பழகிடும்" என்று சொல்லும் சீனியர்கள் உண்டு. அவர்கள் சொல்வது இதே பொய்யின் மறுபக்கம். அழுகை நின்றுபோவது எல்லா நேரமும் தேர்ச்சியின் அடையாளம் ஆகிவிடாது.

செய்ய வேண்டியவை கண்ணுக்குத் தெரிகிற காரியங்கள். கருணைக்கொலையைப் பற்றி வீட்டுக்காரரிடம் எப்படிப் பேச்செடுப்பது, சிகிச்சைச் செலவை எப்படிச் சொல்வது, கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று மாணவர்களுக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். படிப்பில் நோயாளியிடம் பேசும் முறையும் மருத்துவ அறமும் 2019 முதல் தனிப் பயிற்சியாகவே வந்துவிட்டன. கால்நடை மருத்துவத்தில் நோயாளி பேசாது; பக்கத்தில் நிற்கும் மனிதர் பேசுவார், அழுவார், கோபப்படுவார், "எங்க கையால வேணாம் டாக்டர்" என்று கைவிரிப்பார், சிலர் ராத்திரியோடு ராத்திரியாக நாயை மருத்துவமனை வாசலில் கட்டிவிட்டுப் போயும்விடுவார்கள். அவரைக் கையாளக் கற்றுக்கொள்வது கூடுதல் முக்கியம். புழுவெடுத்துவிட்டு அப்படியே தேர்வு அறைக்கு ஓட வைக்கும் கால அட்டவணையை மாற்ற வேண்டும். மோசமான கேஸ் ஒன்று முடிந்ததும் ஆசிரியர் பத்து நிமிடம் மாணவர்களோடு உட்கார்ந்து, எது நம் கையில் இருந்தது, எது இல்லை என்று பேச வேண்டும். இதற்குப் பட்ஜெட் ஒதுக்கீடு கூடத் தேவையில்லை.

அரசின் பங்கு இன்னும் பெரிது. 1962 என்ற எண்ணில் கூப்பிட்டால் வரும் கால்நடை ஆம்புலன்ஸ் நல்ல தொடக்கம். கன்று குறுக்கே நிற்கும் ராத்திரிக்கும் ஆள் வேண்டும். 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி, வளர்ப்பவர் போதிய தீனி, தண்ணீர், இருப்பிடம் தராமல் விட்டால் அது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. மருத்துவமனைக்கு வந்துபோகும் ஆட்டோ காசுக்குக் கூட ஆகாத தொகை. பட்டினி போட்டு எலும்பும் தோலுமான குதிரையைத் தேற்றும் மாணவனுக்குச் சட்டம் சொல்லும் சேதி இதுதான்.

பிராணி வளர்ப்பவர்களுக்கும் பட்டியல் நீளமில்லை. வாரம் ஒருமுறை முடியை விலக்கித் தோலைப் பாருங்கள். ஊசி நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சாப்பிடாமல் படுத்த முதல் நாளே கொண்டுவாருங்கள். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கட்டணத்தைக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

இந்த நாட்டில் பிராணிகளின் மேல் பாசத்துக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் தடுப்பூசிக்கு, இரவு மருத்துவருக்கு, உறைக்கிற சட்டத்துக்கு, உண்மையை நேருக்கு நேர் பேசும் பயிற்சிக்கு. இவை ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் பணமோ நேரமோ செலவழித்தாக வேண்டும். பாசத்துக்கு ஒரு பைசா செலவில்லை. அதனால்தான் படிக்கிற பிள்ளைகளுக்கு எல்லோரும் தாராளமாக அதையே சிபாரிசு செய்கிறோம்.